ஒரு சொட்டும் வராத வடிகுழாய்

எஞ்சின் பிளாக்கின் (சிலிண்டர்கள் அமைந்த முதன்மை உடலின்) பின்கோடியில், உள்ளிருக்கும் தண்ணீரை வடிப்பதற்கென்று ஒரு சிறிய பித்தளைக் குழாய் இருக்கிறது. வேலை தொடங்கிய முதல் நாளே அதைத் திறந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. ரேடியேட்டர் வழியாகவே எல்லாம் வடிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு, குறிப்பேட்டில் ‘பிளாக் குழாய்: ஒன்றும் வரவில்லை’ என ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்த வரிக்குத் திரும்பி வர ஏழு வாரங்கள் ஆயின. இடையில் தேவையில்லாத பொருள்கள் பல வாங்கினேன்; 3.7 லிட்டர் நல்ல ஆயிலை இரண்டு தடவை வீணாக்கினேன்.

கார் ஒரு மாரிஸ் மைனர் 1000. எஞ்சின் 1098 சிசி, நான்கு சிலிண்டர், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங். 1951-இல் ஆஸ்டின் ஏ30 காரில் 803 சிசி அளவில் அறிமுகமான ஏ-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது; மைனருக்கு இந்த 1098 சிசி வடிவம் 1962-இல் வந்தது. எளிமையான எஞ்சின்தான். அந்த எளிமையே என்னை அலட்சியமாக இருக்கவைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

நோய்க்குறிகள் மூன்று. அரை மணி நேரம் ஓட்டிவிட்டுச் சந்திப்பில் நிறுத்தினால் ஆயில் விளக்கு மினுக்மினுக்கென்று கண் சிமிட்டும். வண்டியை நிறுத்தி இறங்கினால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சூடான இனிப்பு வாடை வரும். சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் நான்கைந்து சுற்று திமிறிவிட்டுத்தான் அடங்கும். முதல் இரண்டையும் வெவ்வேறு நோய்கள் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாவதைப் பழைய வண்டிகளின் சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் காரில் ஆயில் அழுத்தத்துக்கு அளவி கிடையாது, வெப்பநிலைக்கும் கிடையாது. இருப்பது ஒரு விளக்கு மட்டும். அழுத்தம் மிகவும் கீழே விழுந்த பிறகுதான் அது எரியும். அதனால் முதல் வேலையாக, விளக்கின் சுவிட்சைக் கழற்றி, அங்கே மூன்று வாய் இணைப்பு ஒன்றைப் பொருத்தினேன். ஒரு வாயில் பழைய சுவிட்ச், மற்றொன்றில் முள் அளவி. இந்த வேலை முழுவதிலும் நான் செய்த புத்திசாலித்தனமான செலவு இதுதான் என்று சொல்வேன்.

அளவி காட்டியது இது: குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் 58 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு); சூடேறி, சீரான வேகத்தில் ஓடும்போது 41; சூடான நிலையில் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது, 7. பணிமனைக் கையேடு கேட்பது ஓட்டத்தில் 60, ஐடிலில் குறைந்தது 15.

அழுத்தம் குறைவு என்றதும் கை தானாகக் கெட்டியான ஆயிலைத் தேடியது. இருந்த 20டபிள்யூ-50 ஆயிலை வடித்துவிட்டு, ஒற்றைத் தர எஸ்ஏஇ 50 ஊற்றினேன். சூடான ஐடிலில் 11 காட்டியது. விளக்கும் சிமிட்டுவதை நிறுத்தியது. இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் குளிர்ந்த காலையில் கிளப்பியபோது, மேலே வால்வுகளைத் திறக்கும் நெம்புகோல்களான ராக்கர்கள் தகரப் பெட்டியில் ஆணிகளைக் குலுக்குவதுபோல் சத்தம் போட்டன. ராக்கர் மூடியைக் கழற்றிவிட்டு, கந்தல் துணியைச் சுற்றி வைத்துக்கொண்டு மறுபடி கிளப்பிப் பார்த்தேன். முன்கோடி ராக்கர்களில் ஆயில் கசிய ஆரம்பித்து நெடுநேரம் கழித்துத்தான் பின்கோடி நனைந்தது.

காரணம் ஆயில் போகும் வழியிலேயே இருக்கிறது. ஆயில் பம்ப், வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் பின்முனையால் சுழல்கிறது. அங்கிருந்து வடிகட்டி, பிறகு பிளாக்கின் நீளவாட்டில் துளைத்த முதன்மைக் கால்வாய், அதிலிருந்து மெயின் பேரிங்குகள், கிராங்குக்குள் துளைத்த வழியாக, பிஸ்டன்களைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகள். கேம்ஷாஃப்டின் முன் பேரிங்கிலிருந்து ஒரு கிளை, பிளாக்கின்மேல் அமரும் சிலிண்டர் ஹெட் வரை ஏறி, ராக்கர் ஷாஃப்டின் முன் தாங்கிக்குள் நுழைகிறது. ஷாஃப்ட் உள்ளீடற்றது, ஆயில் அதன் வழியே பின்னோக்கி ஊர வேண்டும். ஆக, கடைசி ராக்கர்தான் வரிசையில் கடைசி ஆள். கெட்டியான ஆயில் அந்த ஆளைக் காத்திருக்கவைத்துவிட்டு, அளவியில் மட்டும் நல்ல எண்ணைக் காட்டியது. மறுபடி 20டபிள்யூ-50-க்குத் திரும்பினேன்.

திரும்பும்போது இன்னொரு முட்டாள்தனமும் நடந்தது. இந்த எஞ்சினின் வடிகட்டி, கிண்ணத்துக்குள் வைக்கும் காகித வகை. கிண்ணத்தின் விளிம்பு மேலே உள்ள தலைப்பகுதியின் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையத்தின்மீது அமர்கிறது. பழைய வளையம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதன்மேல் புதியதை வைத்து இறுக்கிக் கிளப்பினேன். ஏறக்குறைய அரை லிட்டர் ஆயில் தரையில் கொட்டிய பிறகே சாவியை அணைத்தேன். பழைய வளையம் கறுத்து, இரும்போடு இரும்பாகத் தெரியும். கூரான ஊசியால் குத்திப் பார்த்தால்தான் ரப்பர் என்று புரியும். இப்போது பழைய வளையம் கைக்கு வந்து சேராமல் புதியதைத் தொடுவதில்லை.

அடுத்து, அழுத்தத்தை அளவோடு நிறுத்தும் வால்வு. பிளாக்கின் பின்புறத்தில் குவிந்த தலையுள்ள ஒரு பெரிய நட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு கிண்ண வடிவ உருளையும் இருக்கின்றன. அழுத்தம் எல்லை மீறினால் உருளை பின்வாங்கி, மிகுதி ஆயிலை, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்புக்குத் திருப்பி அனுப்பும். நட்டைக் கழற்றினால் இரண்டும் கையில் விழும் என்று கையேடு சொன்னது. ஸ்பிரிங் விழுந்தது. உருளை வரவில்லை. காந்தம் கட்டிய கம்பியால் இழுத்து, அசைத்து, கடைசியில் கூர்மையாக்கிய மரக்குச்சியை அதன் குழிக்குள் இறுக்கிச் செருகிச் சுழற்றி எடுத்தேன். அமரும் விளிம்பில் ஒரு மணல் துகள் பதிந்து, அதைச் சுற்றி வில் போல ஒரு கீறல். ஸ்பிரிங்கைத் தளர்ந்த நிலையில் வெர்னியரில் அளந்தால் 69.8 மி.மீ.; இருக்க வேண்டியது 72.63.

நட்டுக்கு அடியில் கூடுதல் வாஷர் போட்டு ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டால் எண்கள் ஏறும் என்ற ஆசை எழாமல் இல்லை. அதைச் செய்யவில்லை. அதே மரக்குச்சியில் உருளையைச் செருகி, மிக நுண்ணிய தேய்ப்புப் பசையைத் தடவி, இருக்கையில் வைத்து அரை வட்டம் அரை வட்டமாகத் தேய்த்தேன். விளிம்பு முழுவதும் ஒரே சாம்பல் நிற வளையம் தெரியும்வரை இருபது நிமிடம் ஆயிற்று. பசையை மண்ணெண்ணெயால் மூன்று முறை கழுவினேன், ஏனென்றால் அது உள்ளே தங்கினால் அடுத்து பேரிங்குகளைத் தேய்க்கும். புதிய ஸ்பிரிங் போட்டேன். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றினேன். எரிபொருள் வெடிப்பின் சுமை இல்லாமல் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர இது நல்ல வழி.

ஓட்டத்தில் 41 என்றிருந்தது 58 ஆயிற்று. ஐடிலில் 7 என்றிருந்தது 10-க்கு வந்து நின்றுவிட்டது. யோசித்தால் நியாயம்தான். ஐடிலில் அந்த வால்வு மூடியே இருக்க வேண்டும். இருக்கை கசிந்த அளவுக்குத்தான் அங்கே லாபம்.

மிச்சம் 5 பி.எஸ்.ஐ. எங்கே போயிற்று? பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்ற பயம் வந்தது. எஞ்சினை இறக்குவதற்கான சங்கிலித் தூக்கியை இரவல் கேட்கும் அளவுக்குப் போய்விட்டேன். அதற்கு முன் ஒரு நாள் அளவியைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டினேன். இருபதாவது நிமிடம் ஐடிலில் 14. நாற்பதாவது நிமிடம் 10. அறுபதாவது நிமிடம் 8. பேரிங் ஒரு மணி நேரத்தில் தேய்ந்து, இரவில் வளர்ந்துவிடாது. மாறிக்கொண்டே போனது ஆயிலின் வெப்பம். சம்பின் அடியில் அளந்தால் 116 டிகிரி செல்சியஸ். பிஸ்டன்களின் அடிப்பாகமும் பேரிங்குகளும் தங்கள் சூட்டை ஆயிலிடம்தான் கொடுக்கின்றன; தண்ணீர் தன் பங்கைச் சுமக்காவிட்டால் அந்தப் பங்கும் ஆயிலின் தலையில் விழும். சூடேறிய ஆயில் நீர்த்துப்போகும், நீர்த்த ஆயில் பேரிங் இடைவெளிகளில் எளிதாக வழிந்தோடும், அழுத்தம் விழும். நான் ஆயில் பக்கம் தேடிக்கொண்டிருந்த குற்றவாளி தண்ணீர் பக்கம் இருந்தான்.

இங்கே வழி தெளிவாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பலரும் செய்வதைப் போல, கழற்றச் சுலபமான பொருளிலிருந்து தொடங்கினேன். ரேடியேட்டர் மூடி 7 பி.எஸ்.ஐ. தாங்க வேண்டியது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 111 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். என் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. மாற்றினேன், அது சரியான செலவு. தண்ணீர் சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டை அப்படிச் சொல்ல முடியாது. புதியதை வாங்கி வைத்துக்கொண்டுதான் பழையதைப் பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் ஏற்றினேன். அதன்மேல் 82 என்று பொறித்திருக்கிறது. 82-இல் திறக்கத் தொடங்கியது. சோதித்த பிறகு வாங்கியிருந்தால் வாங்கவே தேவையிருந்திருக்காது.

பெரிய தவறு ரேடியேட்டரில். முந்தைய உரிமையாளர் அதன் மேல்தொட்டியின் கறுப்பு வண்ணத்தைச் சுரண்டி, பித்தளையை முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றி வைத்திருந்தார். அதில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினேன்: 47 டிகிரி. கொதிக்கும் எஞ்சினிலிருந்து வரும் தண்ணீர் தொட்டியில் 47-தான் என்றால் ஓட்டம் அடைபட்டிருக்கிறது என்று தீர்மானித்து, ரேடியேட்டரைக் கழற்றி வேலைக்குக் கொடுத்துவிட்டேன். தொட்டியைப் பிரித்துப் பார்த்தவர், குழல்கள் அத்தனையும் திறந்தே இருக்கின்றன என்றார். பிரித்த கூலி, சேர்த்துப் பற்றவைத்த கூலி, சோதித்த கூலி எல்லாம் கொடுத்துத் திருப்பி வாங்கினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்ததற்கு நானே கட்டணமும் கட்டினேன்.

அந்தக் கருவி பொருளின் பரப்பு வெளிவிடும் கதிர்வீச்சை வைத்து வெப்பத்தைக் கணிக்கிறது. மெருகேறிய உலோகம் மிகக் குறைவாகவே வெளிவிடும். பெரும்பாலும் சுற்றுப்புறத்தைத்தான் பிரதிபலிக்கும். திரும்பப் பொருத்திய பிறகு தொட்டியில் ஒரு விரல் அகலம் கறுப்பு மின்நாடாவை ஒட்டி, அதன்மேல் அளந்தேன். 88. மூன்று விரல் தள்ளி, பளபளக்கும் இடத்தில் அப்போதும் நாற்பத்துச் சொச்சம்தான். கையை வைத்திருந்தாலே தெரிந்திருக்கும்! 47 டிகிரித் தொட்டியைத் தொடலாம். 88 டிகிரித் தொட்டி தோலை உரித்துவிடும்.

அந்த நாடாவே கடைசியில் வழி காட்டியது. துண்டு துண்டாக வெட்டி, சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் முன்னிருந்து பின்னாக நான்கு இடங்களில் ஒட்டி, சூடான எஞ்சினில் வரிசையாக அளந்தேன்: 85, 89, 97, 109. முன்னால் பின்னால் என்று 24 டிகிரி வித்தியாசம். தண்ணீர் பம்ப் முன்னால் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பிளாக்கின் முன்பக்கம் நுழைந்து, சிலிண்டர்களைச் சுற்றிவிட்டு, இடையிலுள்ள கேஸ்கெட் தகட்டின் துளைகள் வழியாக ஹெட்டுக்கு ஏறி, முன்கோடியில் உள்ள தெர்மோஸ்டாட் வழியாக வெளியேறுகிறது. நுழைவாயிலும் வெளிவாயிலும் முன்னாலேயே இருப்பதால், பின்கோடியில் இருக்கும் நான்காம் சிலிண்டர் வழக்கமாகவே கடைநிலை ஊழியர். ஆனாலும் 24 டிகிரி என்பது ஊழியர் சம்பளமே வாங்காத நிலை.

அன்று இரவு குறிப்பேட்டைப் புரட்டியபோது அந்த வரி கண்ணில் பட்டது. பிளாக் குழாய்: ஒன்றும் வரவில்லை.

காலையில் குழாயையே கழற்றி எடுத்துவிட்டேன். ஓட்டை வழியாக அப்போதும் தண்ணீர் வரவில்லை, ரேடியேட்டர் நிறைய இருந்தும். ஒரு கம்பியை நுழைத்தேன்; ஒரு சென்டிமீட்டர் போய் முட்டியது. முறுக்கி அழுத்த அழுத்த, ஈரச் செங்கல் போல ஏதோ உதிர்ந்தது. பிறகு திடீரென்று காப்பிப்பொடி நிறத்தில் தண்ணீர் பீறிட்டு என் சட்டை முழுவதும் தெறித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் நனைந்ததில்லை.

அந்தச் சிறு துளை வழியாக முழுவதையும் எடுக்க முடியாது. பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகட்டு மூடிகள் இருக்கின்றன. கோர் பிளக் என்பார்கள். பின்கோடி மூடியைக் கழற்றத் தீர்மானித்தேன். மூடியின் நடுவில் உளியை வைத்து அடித்தால் அது குழிந்துபோய், விளிம்பு தளரும். நான் அடித்த அடியில் மூடி மொத்தமாக உள்ளே விழுந்துவிட்டது. நீண்ட மூக்குக் குறடால் அதைப் பக்கவாட்டில் திருப்பி, துளை வழியே வெளியே இழுக்க முக்கால் மணி நேரம். அடுத்த மூடிக்கு அறிவு வந்துவிட்டது. ஒரு விளிம்பில் மட்டும் மெதுவாகத் தட்டினால் எதிர்விளிம்பு வெளியே திரும்பும்; குறடால் பிடித்து நெம்பினால் பத்து விநாடியில் கைக்கு வரும்.

உள்ளே நான்காம் சிலிண்டரின் சுவரில் முக்கால்வாசி உயரத்துக்குத் துரு, சுண்ணப் படிவு, கரடுமுரடான மணல் எல்லாம் சேர்ந்து கெட்டித்துப்போயிருந்தன. முன்பு வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டியதன் விளைவு. தூய்மைசெய்ய நான் பயன்படுத்தியவை: வளைத்த கம்பி, பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளின் உள்கம்பியை நுனி பிரித்து டிரில்லில் மாட்டிய சாட்டை, தோட்டத்து ஹோஸ், தண்ணீரை உறிஞ்சும் தூசி உறிஞ்சி. கிளறு, கழுவு, உறிஞ்சு, மறுபடியும் அதே. ஒன்றரை நாள். காயவைத்து எடைபோட்டேன்: 430 கிராம். மிச்சம் இருந்த மெல்லிய படிவுக்குச் சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி ஒரு மணி நேரம் சூடாக ஓடவிட்டு, வடித்து, தெளிவாக வரும்வரை கழுவினேன்.

புதிய மூடிகள் பித்தளை. துருப்பிடித்த பழைய மூடியை அளந்து வாங்காமல், துளையைச் சுத்தமாக்கி அதை அளந்து வாங்கினேன். விளிம்பில் மெல்லிய சீலன்ட், உட்புற விட்டத்துக்குச் சற்றே சிறிய சாக்கெட், சீரான மூன்று அடிகள், அவ்வளவுதான். பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் கட்டைவிரல் நீள பைபாஸ் ஹோஸையும் மாற்றினேன். மடிப்பு மடிப்பாக இருக்கும் வகையை வாங்கினால் சுருக்கி உள்ளே நுழைத்துவிடலாம். நேரான வகைக்குப் பம்பையே கழற்ற வேண்டும்.

நிரப்பும்போது காற்று சிக்கிக்கொண்டது. காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து விட்டதும் குமிழிகள் வந்தன; இன்னும் முக்கால் லிட்டர் உள்ளே போயிற்று. பழைய தெர்மோஸ்டாட்டையே மறுபடி போட்டேன், அதன் தட்டில் காற்று வெளியேற 3 மி.மீ. துளை ஒன்றை இட்டு. ஊற்றியது பழைய எஞ்சின்களுக்கான சிலிகேட் வகை ஆன்டிஃப்ரீஸும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி.

அதே சாலை, அதே ஒரு மணி நேரம். நாடாத் துண்டுகளில்: 83, 85, 88, 91. சம்பின் அடியில் 98. சூடான ஐடிலில் 17 பி.எஸ்.ஐ. சாவியை அணைத்ததும் எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்டு அப்படியே நின்றது. அந்தத் திமிறலும் நான்காம் சிலிண்டரின் சூட்டிலிருந்து வந்ததுதான்.

செலவைப் பிரித்துப் பார்த்தால் மனம் கசக்கிறது. நோயைத் தீர்த்தவை நான்கு: வால்வு ஸ்பிரிங், இரண்டு பித்தளை மூடிகள், சிட்ரிக் அமிலம், ரேடியேட்டர் மூடி. நான்கையும் கூட்டினால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பாதிக்கு மேல் தின்றது ஒன்றுமே கெட்டிருக்காத ரேடியேட்டர். மிச்சத்தில் பெரும்பங்கு சம்பில் ஊற்றி உடனே வடித்த ஆயில். புதிய தெர்மோஸ்டாட் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

இன்னொரு முறை இப்படி ஒரு எஞ்சின் கைக்கு வந்தால், ஒரு ஸ்பேனரையும் எடுப்பதற்கு முன் அழுத்த அளவியை மாட்டி, ஹெட்டில் நான்கு துண்டு நாடா ஒட்டி, ஒரு மணி நேரம் ஓட்டிக் குறித்துக்கொள்வேன். அளவியை நிரந்தரமாகவே விட்டுவைத்திருக்கிறேன். டாஷ்போர்டுக்குக் கீழே கொஞ்சம் அசிங்கமாகத்தான் தொங்குகிறது. கிராங்கின் பின்முனையில் இந்த எஞ்சினுக்கு ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பித் தள்ளும் திருகுப் பள்ளம் மட்டும்தான். அதனால் நிறுத்தி வைத்தால் ஒன்றிரண்டு சொட்டு விழுகிறது. அதற்கு அடியில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். எஞ்சினை எப்போதாவது இறக்கினால் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழித்து, போன வாரம், பிளாக் குழாயின் அடியில் ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடித்துத் திறந்தேன். உடனே வந்தது. பச்சை நிறம், அடியில் ஒரு நகக்கண் அளவு துருத்தூள். குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவைத்திருக்கிறேன்: பிளாக் குழாய், நன்றாக வருகிறது.